படிக்கப்போகிறவருக்கு

திருச்சி போன்ற ஊரில் நிதி ஆலோசனையைத் தொழிலாகக் கொண்டவன் ஒரு நாளில் அதிகம் செய்கிற வேலை எழுதுவது. பங்குச்சந்தை காலை ஒன்பதேகாலுக்குத் திறக்கும். அதற்கு முன்பே என் முதல் வேலை முடிந்திருக்கும். முந்தின நாள் யாரைப் பார்த்தேன், போனில் யார் என்ன கேட்டார்கள் என்பதைக் கோடு போட்ட நீள நோட்டில் எழுதிவிடுவேன். தொகையும் தேதியும் ஃபோலியோ எண்ணும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. நோட்டில் ஏறுவது அவர்கள் சொன்ன வார்த்தை, சொன்னபடியே. "பையன் கனடாங்கிறான், அவங்கம்மா அழுவுறா." "தங்கச்சி புருஷனுக்கு அஞ்சு லட்சம் குடுத்திருக்கேன், அது வராது, கணக்குல சேக்காதீங்க." "மூட்டு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன் தம்பி." மூன்று வருஷம் கழித்து அந்த மனிதர் ஒரு முடிவெடுக்கத் தடுமாறும்போது, இப்படி எழுதிவைத்த ஒரு வரி எந்த வருமான விகிதத்தைவிடவும் உதவியாக இருக்கிறது. தான் எதற்காகச் சேர்க்க ஆரம்பித்தோம் என்பதைப் பலரும் நடுவழியில் மறந்துவிடுகிறார்கள்.

அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் ஒன்று உண்டு. "வீட்ல தெரிய வேணாம் சார்." தப்பான எண்ணத்தில் சொல்வதில்லை. தெரிந்தால் மச்சினன் கடன் கேட்பான், மனைவி நகை வாங்கச் சொல்வாள், பிள்ளைகளுக்குப் பொறுப்பு வராது என்று ஆளுக்கொரு காரணம். ஆனால் நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதில் முக்கால் பங்கு இந்த ஒரு வாக்கியத்தின் விளைவுகளிலிருந்து வந்தது. நான் எழுதும் குறிப்பைக் கடைசியில் படிக்கப்போகிறவர் என் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் இல்லை. அவர் இல்லாத ஒரு நாளில், இதைப் பற்றி எதுவுமே கேள்விப்படாத ஒருவர் படிக்கப்போகிறார். பெரும்பாலும் அவருடைய மனைவி.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். அவரை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கணக்கு வைத்திருப்பவர். கருமாதி முடிந்த இரண்டாம் வாரம் அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். எல்ஐசி பாண்டு நான்கு. அதில் இரண்டு பிரீமியம் கட்டாமல் நின்றுபோனவை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் டெபாசிட் ரசீது. காகிதமாகவே இருந்த கம்பெனிப் பங்குப் பத்திரங்கள். மியூச்சுவல் ஃபண்டு அறிக்கை ஒன்று, அதில் நாமினி என்ற இடத்தில் அவருடைய தாயார் பெயர். தாயார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு ஒன்று, காலாவதியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில், ரப்பர் பேண்டு போட்ட சீட்டுப் புத்தகம். அந்த அம்மா ஒவ்வொரு காகிதத்தையும் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். "இவ்வளவு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு கேட்கக்கூட ஆள் இல்லாதவர் குரலில் சொன்னார்.

அந்தப் பையைக் காசாக்கக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆனது. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், அதற்கு வி.ஏ.ஓ. விசாரணை, பிறகு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி விண்ணப்பம். பெயர்தான் பெரிய சிக்கல். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து இனிஷியல். வடக்கிலிருந்து வந்த படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். அந்த அம்மாவின் ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பான் கார்டில் கணவர் பெயர் முழுசாகப் பின்னால், பாலிசியில் பெயரோடு 'அம்மாள்' சேர்ந்திருந்தது. மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்தும், ஒரு அலுவலகம் ஏற்றதை இன்னொன்று ஏற்கவில்லை. பங்குப் பத்திரங்களில் ஏழு வருஷமாக வாங்காத டிவிடெண்டு இருந்ததால் பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விட்டிருந்தன. அங்கிருந்து மீட்பது தனிப் பயணம். இதில் எங்குமே அந்த அம்மாவை யாரும் ஏமாற்றவில்லை. கணவர் உயிரோடு இருந்தபோது ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் போதும், இவ்வளவும் வேண்டியிருந்திருக்காது.

நாமினி பெயர் எழுதிவிட்டால் எல்லாம் அவருக்கே போய்விடும் என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இன்சூரன்ஸ் பணத்தை நாமினி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. 2015-இல் இன்சூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம் என்றானது. ஆனால் அது இன்சூரன்ஸுக்கு மட்டும். கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் நாமினி வாரிசுரிமையைத் தாண்ட முடியாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே பங்கு அவருடைய தாயாருக்கும் உண்டு என்பது 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம். இதை மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கும்போது யாரும் பேசுவதில்லை. வாரிசுச் சான்றிதழில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும் நாளில் பேச ஆரம்பிக்கிறார்கள். அது பேசுவதற்கு நல்ல நாள் இல்லை.

கடை வைத்திருப்பவர்களிடமும் சின்னப் பட்டறை நடத்துகிறவர்களிடமும் நான் தவறாமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1874-இல் வந்தது. அதன் ஆறாவது பிரிவின்படி, கணவர் தன் பெயரில் எடுக்கும் ஆயுள் பாலிசியை மனைவி மக்களுக்கான அறக்கட்டளையாக எழுதிவைக்கலாம். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் எடுத்தது இல்லையென்றால் அவர்களில் யாரும் அதைத் தொட முடியாது. சென்னை மாகாணத்தில் இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு இது 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தியது. நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு 1923 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டாக நம் கையில் இருக்கும் பாதுகாப்பு. விண்ணப்பத்தோடு ஒரு படிவம் சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது. காந்தி மார்க்கெட் பக்கம் கடன் வாங்கிச் சரக்குப் போடும் வியாபாரிகளில் இதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. வியாபாரம் நொடித்து மனிதரும் போய்விட்டால், மிச்சம் இருக்கும் இன்சூரன்ஸ் பணத்தின் மேல்தான் முதலில் எல்லார் கண்ணும் விழும்.

யாரும் கேட்டு வராத பணம் இந்த நாட்டில் எவ்வளவு என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். பத்து வருஷம் தொடப்படாத பாங்க் டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகின்றன; 2024 மார்ச் முடிவில் அதில் 78,213 கோடி ரூபாய் இருந்தது. அதைத் தேடிப் பார்க்க 2023-இல் உத்கம் என்ற தளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. மறந்துபோன மியூச்சுவல் ஃபண்டு கணக்குகளைத் தேட 2025-இல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி, மித்ரா என்ற வசதியைக் கொண்டுவந்தது. நல்ல காரியங்கள். ஆனாலும் தேட வேண்டும் என்று தெரிந்தவர்தான் தேடுவார். அந்த 78,213 கோடியில் "வீட்ல தெரிய வேணாம்" என்ற வாக்கியத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் என் பழக்கங்களில் உறுதியானது இது: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விவரத்தாள், தமிழில், கையெழுத்தில். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் நாமினி, ஒரிஜினல் எந்த பீரோவில், முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்தப் பாலிசியின் பணம் முதலில் கைக்கு வரும், அதுவரை செலவுக்கு எந்தக் கணக்கு. கடைசி வரி எப்போதும் ஒன்றே: மூன்று மாதத்துக்கு எந்தப் புதுக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம், யார் சொன்னாலும், நான் சொன்னாலும். வருஷத்துக்கொரு முறை இந்தத் தாளைத் திருத்த நான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அலுவலகத்துக்கு வரச் சொன்னால் கணவர் மட்டும் வருவார். வீட்டுக்குப் போனால் அந்த அம்மா காபி கொண்டுவருவார். வைத்துவிட்டு உள்ளே திரும்புவதற்குள் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். "மாசத்துக்கு வீட்டுச் செலவு எவ்வளவும்மா ஆகுது?" கணவர் ஒரு தொகை சொல்வார். அந்த அம்மா அங்கேயே நின்று, "அதுக்குள்ள எப்படி ஆகும்? பாலுக்கே எவ்வளவு தெரியுமா?" என்பார். அப்புறம் உட்கார்ந்துவிடுவார். ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று போடும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு எண்ணின் மேல் நிற்கிறது. அது சரியாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

அவர் உட்கார்ந்த பிறகு பேச்சின் தரமே மாறிவிடும். இன்சூரன்ஸ் படிவம் நிரப்பும்போது இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். உடல்நலக் கேள்விகள் வரிசையாக இருக்கும். அவசர ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார். கணவரும் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். மனைவி பக்கத்தில் இருந்தால், "போன வருஷம் ஸ்ரீரங்கத்துல சுகர் பாத்தோமே, மாத்திரை கூட எழுதிக் குடுத்தாரே, நீங்கதான் நிறுத்திட்டீங்க" என்ற உண்மை வந்துவிடும். அதை எழுதினால் பிரீமியம் கொஞ்சம் கூடும். எழுதாமல் விட்டால், மூன்று வருஷத்துக்குள் அவர் இறக்கும்பட்சத்தில் நிறுவனம் அதைக் காரணம் காட்டி மறுக்கலாம். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு மூன்று வருஷத்துக்குப் பிறகுதான் பாலிசியைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. ஆக அந்தப் பாலிசியால் பலன் பெற வேண்டியவரே, படிவம் நிரப்பும் நேரத்தில் அடுப்படியில் இருக்கிறார். இதைவிட அநியாயமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மறைப்பது ஒரு பக்கம் மட்டும் நடப்பதில்லை. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது, பல வீடுகளில் பெண்களின் சிறுவாடு வெளியே வந்தது. அரிசி டிரம்மிலிருந்து, பட்டுப்புடவை மடிப்பிலிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து. கணவரிடம் கொடுத்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. சில வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில் பெரிய சண்டை. என்னிடம் வந்த ஒரு பெண், "இருபது வருஷமா சேத்ததைக் கணக்கு சொல்ல வச்சுட்டாங்க" என்றார். அவர் சேர்த்தது ஆடம்பரத்துக்கு இல்லை. திடீரென்று ஆஸ்பத்திரி என்றால், மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால், யாரிடமும் கையேந்தக் கூடாது என்பதற்கு. நிதித் திட்டமிடல் புத்தகங்களில் அவசரகால நிதி என்று ஓர் அத்தியாயமே இருக்கும். நம் பெண்கள் அதைப் புத்தகம் இல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மனைவி பெயரில், அவர் மட்டும் இயக்கும் ஒரு கணக்கு இல்லாமல் எந்தக் குடும்பத் திட்டத்தையும் நான் முடித்ததாக வைத்துக்கொள்வதில்லை. அதில் எவ்வளவு இருக்கிறது என்று கணவர் கேட்கக் கூடாது. நானும் கேட்பதில்லை.

ஆலோசனை சொல்பவனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பதை மறைத்துவிட்டு இதையெல்லாம் பேசுவது நேர்மையாகாது. நெடுங்காலம் எல்ஐசி ஏஜென்டுக்கு நீண்டகாலப் பாலிசியின் முதல் வருஷப் பிரீமியத்தில் 25 சதவீதம் கமிஷன், அதன்மேல் போனஸ் கமிஷன். அடுத்த இரண்டு வருஷம் 7.5 சதவீதம், பிறகு 5. முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு வருஷம் 50,000 ரூபாய் பிரீமியத்தில் சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி போட்டால் முதல் வருஷமே ஏஜென்டுக்கு 12,500. அதே ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி, பிரீமியம் 12,000 வாக்கில். அதே விகிதம் என்று வைத்தாலும் 3,000. முதலாவதில் அவர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு லட்சம். இரண்டாவதில் ஒரு கோடி. எதை விற்க வேண்டும் என்று ஏஜென்டின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் ஒவ்வொரு மாலையும் சொல்லிக்கொண்டிருக்கும். ஏஜென்டுகள் கெட்டவர்கள் இல்லை. கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் சேமிப்புப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் அவர்கள். 1956-இல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்ஐசி உருவான பிறகு அந்த வேலையைச் செய்ய வேறு யாரும் வரவில்லை. ஆனால் கூலி கொடுக்கும் முறை கோணலாக இருந்தால் நல்ல மனிதரின் யோசனையும் கோணிப்போகும்.

மியூச்சுவல் ஃபண்டில் இந்தக் கோணலைச் செபி படிப்படியாக நிமிர்த்தியது. முதலீட்டாளரிடம் எடுத்துக்கொண்டிருந்த 2.25 சதவீத நுழைவுக் கட்டணம் 2009 ஆகஸ்ட் 1 முதல் ஒழிந்தது. 2013 ஜனவரியில் இடைத்தரகர் இல்லாத நேரடித் திட்டங்கள் வந்தன. 2018 அக்டோபரில் முன்பணக் கமிஷன் முழுவதும் நிறுத்தப்பட்டு, பணம் இருக்கும் காலம் வரை வருஷத்துக்குச் சிறு விகிதம் என்ற டிரெயில் முறை மட்டும் நின்றது. 2009-இல் எத்தனையோ பேர் தொழிலை விட்டுப் போனார்கள். எனக்கு அது இந்தத் தொழிலுக்கு நடந்த மிக நல்ல காரியமாகப் படுகிறது. வாடிக்கையாளர் நிலைத்திருந்தால்தான் எனக்கு வருமானம். அவர் பணம் வளர்ந்தால்தான் என்னுடையதும் வளரும். முதல் ஐந்தாறு வருஷம் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும், அது உண்மை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னிடம் போடுகிற ஒவ்வொருவருக்கும் எனக்கு இதில் வருஷம் எத்தனை ரூபாய் வரும், நேரடியாகப் போட்டால் அந்தப் பணம் அவருக்கு மிச்சம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்வேன். ஆறு மாதத்துக்கொரு முறை வரும் ஒருங்கிணைந்த அறிக்கையிலேயே இப்போது கமிஷன் தொகை அச்சாகிறது. என் வாயால் முன்பே கேட்டிருந்தால் அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. சிலர் கேட்டுவிட்டு நேரடித் திட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள், போகலாம்.

சந்தை விழும் நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்கும் கீழே போய்வந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதத்துக்கு மேல் விழுந்து 25,981-இல் முடிந்தது. அந்த வருஷம் டிசம்பர் முடிவதற்குள் 47,000-ஐத் தாண்டியது என்று இன்று சொல்வது எளிது. அன்று மாலை யாருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நாட்களில் நான் போன் வரும்வரை காத்திருப்பதில்லை, நானே கூப்பிடுகிறேன். முதலில் ஓய்வு பெற்றவர்களை, பிறகு கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டவர்களை. "மறுபடி ஏறும்" என்று சொல்வதில்லை, அதை உறுதிசொல்ல யாராலும் முடியாது. பழைய நோட்டைப் பிரித்து, அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டுவேன். "இது பேத்தி காலேஜுக்கு, 2031 வரைக்கும் தொட மாட்டேன்னு நீங்க சொன்னீங்க சார். செலவுக்கு வேண்டிய மூணு வருஷப் பணம் போஸ்ட் ஆபீஸ்லயும் பாங்க்லயும் தனியா இருக்கு. அதுல ஒரு ரூபா குறையல." எதிர்முனையில் மூச்சு நிதானமாவது கேட்கும். அந்த அழைப்புகளில் பாதி நேரம் பணத்தைப் பற்றியே இருக்காது. 2020-இல் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

பெரிய வட்டி தருவதாகச் சொல்பவர்களிடம் பணத்தைப் போட்டு மாட்டிக்கொள்வதும் வீட்டில் சொல்லாமல் செய்கிற காரியம்தான். இது புதிதில்லை. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி விழுந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் போயிற்று. ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்துதான் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியில் 1907 ஆகஸ்டில் இந்தியன் வங்கி பிறந்தது. 1997-இல் முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி: ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சும் தந்து, வளர்ப்புக்கூலி என்று மாதாமாதம் பணமும் தருவதாகச் சொன்னவர்கள் கையை விரித்தார்கள். 2023-இல் திருச்சியையே தலைமையிடமாகக் கொண்ட நகைக்கடை ஒன்று நகைச்சீட்டுப் பணத்தோடு மூடிக்கொண்டது. பேராசை என்று சொல்லி இதைக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேர் கூட வேலை பார்த்தவரோ சொந்தக்காரரோ சொல்லி, அந்த ஆளின் முகத்துக்காகப் போட்டவர்கள். மகள் கல்யாணத்துக்குள் இரண்டு லட்சம் துண்டு விழுகிறதே என்று போட்டவர்கள். இழந்தபிறகு அவமானத்தில் வீட்டிலும் சொல்லாமல், போலீஸிலும் புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களிடம் "ஏன் போட்டீங்க" என்று நான் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த தடவை அவர் என்னிடம் வரமாட்டார். நேரே இன்னொரு பெரிய வட்டியிடம் போவார், விட்டதைப் பிடிக்க. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் எழுத உட்கார்ந்து உதவுவதும், அன்று மாலை அவரோடு வீடு வரைக்கும் போய் மனைவியிடம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பதும் என் வேலைதான் என்று எண்ணுகிறேன். எந்தத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் கிடையாது.

மாதக் கடைசி நாட்களில் திருவெறும்பூர் பக்கம் போனால் பெல் தொழிற்சாலையில் ரிடையர் ஆகிறவர்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் வீட்டு அழைப்புமணி ஓயாது. வாழ்நாளில் பார்த்திராத தொகை ஒரே நாளில் கணக்கில் ஏறியிருக்கும். பாங்க்காரர், ஏஜென்ட், மனை விற்பவர், மூத்த மருமகன் என்று எல்லாருக்கும் அதில் ஒரு யோசனை உண்டு. நான் சொல்வது ஒன்றுதான்: ஆறு மாதம் எதுவும் செய்யாதீர்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மட்டும் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கொரு முறை 61,500 ரூபாய் வட்டி வரும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியே வைக்க வழி உண்டு. மிச்சத்தை பாங்க்கிலேயே விடுங்கள். இந்த யோசனையில் எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைப்பதில்லை. ஆறு மாதம் கழித்து, தினமும் காலையில் எழுந்து எங்கே போவது என்ற குழப்பம் தீர்ந்த பிறகு, அவர்களே கூப்பிடுகிறார்கள். அப்போது பேசுகிற மனிதர் வேறு. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லும் தெம்பு வந்திருக்கும். அந்தச் சந்திப்பிலும் அந்த அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

சென்ற வருஷம் உறையூரில் ஒரு வீட்டில் விவரத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார்: "எங்களுக்கெல்லாம் எழுதி வைக்கிறீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க யார்கிட்ட தம்பி போறது?" அவர் கணவர் அதட்டினார். கேட்க வேண்டிய கேள்விதான் என்றேன். இப்போது என்னோடு ஒரு பெண் வேலை கற்றுக்கொள்கிறார், துறையூர்ப் பக்கம், தேசியப் பங்குச்சந்தைப் பயிற்சி நிறுவனத்தின் தேர்வு எழுதி முடித்தவர். ஆப்பில் இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலையை நோட்டில் ஏன் எழுத வேண்டும் என்று முதலில் கேட்டார். ஆப்பில் தொகை இருக்கிறது, "தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்பது இல்லையே என்றேன். ஒத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாற்றம் செய்தார். விவரத்தாளை எழுதி முடித்ததும் அந்த வீட்டு அம்மாவையே சத்தமாக ஒருமுறை படிக்கச் சொல்கிறார். படிக்கையில் எங்கே தடுக்குகிறதோ அந்த வரியை வேறு மாதிரி எழுதுகிறார். எனக்கு இத்தனை வருஷம் தோன்றாத யோசனை அது. பழைய தாள்களை இருவரும் ஒவ்வொரு வீடாக எடுத்துப்போய் அப்படியே படிக்கவைத்துக்கொண்டிருக்கிறோம். 'ஃபோலியோ' என்ற வரியில்தான் நிறையப் பேர் நிற்கிறார்கள்.